முள் காட்டிய வேட்பாளர்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி இருக்கக் கூடாது. இருந்தால் பிழைப்பு ஓடாது. காலையில் ஒரு கட்சிக்காரனுக்கு ஸ்பீக்கர் கட்டுவேன், சாயங்காலம் அதே கம்பத்தில் அவனுடைய எதிரிக்குக் கட்டுவேன். வயர் அதேதான், மைக் அதேதான், பேச்சும் ஏறக்குறைய அதேதான். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது என் வேலை. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. கட்சிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கட்சிக்காரர்கள் மட்டும்தான். முன்வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வடக்குத் தெருவில் கூட்டம் போட்டாலும் அவர்தான், தெற்குத் தெருவில் போட்டாலும் அவர்தான். மேடையில் நிற்பவர் ஒவ்வொரு தடவையும் "அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் பொதுமக்களே" என்று ஆரம்பிப்பார். பொதுமக்கள் அந்த நேரத்தில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை அண்ணியிடம் சொன்னேன். படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டிருந்தால் இன்றைக்கு நான் ஏன் இப்படி வயிறு எரிந்து பேசப் போகிறேன்?

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஊருக்கு அவள் பெரிய நர்ஸ். மகப்பேறு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தாள். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான் என்றால் மிகையில்லை. கை எவ்வளவு பதமோ வாய் அவ்வளவு காரம். வலியில் அலறுகிறவளிடம் போய், "கத்தினா பிள்ளை வராதுடி, காக்காதான் பறந்து போகும்" என்பாள். அலறினவள் அந்த வலியிலும் சிரித்துவிடுவாள். அந்த வாய்க்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவள் திட்டினால் பிரசவம் நல்லபடியாக முடியும் என்று ஒரு நம்பிக்கையே இருந்தது.

அவளுடைய ஒரே தலைவலி லிஃப்ட். பிரசவ வார்டு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நின்று வருஷக்கணக்காகிவிட்டது; உள்ளே உடைந்த கட்டில்களையும் துடைப்பங்களையும் அடைத்து வைத்திருந்தார்கள். வலி எடுத்தவர்கள் படியேறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருத்தி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். கட்டடம் நகராட்சியுடையது, ஆஸ்பத்திரியை நடத்துவது ஒரு அறக்கட்டளை. லிஃப்டைச் சரிசெய்ய வேண்டியது நீயா நானா என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டினார்கள். அண்ணி மனு எழுதி, எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் நகல் எடுத்து, யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் ஒருத்தி இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே பெற்றுவிட்டாள். பிள்ளையை அண்ணிதான் படிக்கட்டில் மண்டியிட்டு வாங்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே மனு எழுத மாட்டேன். கவுன்சிலர் ஆகப் போறேன்" என்றாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மீசை முளைக்கும் முன்பே கட்சியில் சேர்ந்தவன் அவன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவன் கட்சிக்காரன், உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் கட்சிக்காரன், பஞ்சர் ஒட்டும் ஆளும் கட்சிக்காரன். கடை வாசலில் கொடி நட்ட நாளிலிருந்து மற்றவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். அது அவனுக்குத் தெரியாது. வராதவனை அவன் எப்படிப் பார்ப்பான்?

"நம்ம கட்சியில நின்னா கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கலாம். ஊரே நம்ம பக்கம்தான்" என்றான்.

"அண்ணி, தனியா நில்லுங்க" என்றேன் நான். "உங்க முகத்துக்கே ஓட்டு விழும். கட்சி எதுக்கு?"

"தனியா ஜெயிச்சு அங்க போய் நான் என்ன தம்பி பண்றது? பின்னாடி ஆள் இல்லைன்னா எவன் என் பேச்சைக் கேப்பான்? லிஃப்ட் வேணும்னா கட்சி வேணும்."

அது தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. வயதில் ரொம்பச் சின்னவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்தவள். புருஷன் பஸ் கண்டக்டர். இரண்டு பேருக்கும் எந்தக் கட்சியும் கிடையாது. ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் காலையில்தான் யார் நிற்கிறார்கள் என்றே கேட்பார்கள். தங்கச்சிக்கு இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. இது மூன்றாவது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால், நாள் நெருங்கும் முன்பே மூன்றாவது மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அண்ணி அவளைச் சேர்த்துவிட்டாள்.

"நீ கையில வாங்கினாத்தான்க்கா இது தங்கும்" என்று தங்கச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"வேற எவளாவது கை வைக்கட்டும், கையை ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்" என்பாள் அண்ணி. தங்கச்சி சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

இனி அந்தக் கட்சியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் நான் இதைப் பார்த்ததில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு காலத்தில் கை தூக்கச் சொன்னார்களாம். ஆளாளுக்கு இரண்டு கையையும் தூக்கி, எண்ணுகிறவருக்குக் கண் இருட்டி, கடைசியில் நாற்காலி பறந்ததாம். அதனால் கைதட்டல் என்று மாற்றினார்கள். தட்ட எப்படியும் இரண்டு கை வேண்டும், அதில் திருட்டுத்தனம் பண்ண முடியாதல்லவா! யாருக்கு விழுந்த கைதட்டல் பெரிது என்று அடுத்த சண்டை வந்தபோது, கட்சியின் செயலாளர் என் ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார். பழைய பெட்டி அது. முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கும். சத்தம் ஏற ஏற முள் சாய்ந்து, ஓரத்தில் இருக்கும் சிவப்பைத் தொடும். கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக்கை நிறுத்துவேன். நிற்க ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொருவராக ஒரு பெஞ்சில் ஏறுவார்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். பதிலுக்கு விழும் கைதட்டலில் யாருடைய முள் அதிகம் சாய்கிறதோ அவர்தான் வேட்பாளர்.

"முள் பொய் சொல்லாது" என்பார் செயலாளர். ஹார்டுவேர் கடை முதலாளி, அளவுகோல் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. முள் பொய் சொல்லாதுதான். அந்த ஹாலுக்குள் இருந்தவர்களைப் பற்றி அது சொன்னதெல்லாம் உண்மை.

கட்சி ஹாலுக்கு நேர் பின்னால்தான் ஆஸ்பத்திரி. ஹால் வாசலில் ஒரு ஹாரன் ஸ்பீக்கர், பின்பக்கக் கம்பத்தில் ஒரு ஹாரன் என்று நிரந்தரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். உறுப்பினர் கூட்டம் நடக்கும்போது வெளி ஹாரன்களை நான் அணைத்துவிடுவேன். உள்வீட்டுப் பேச்சு தெருவுக்கு எதற்கு?

அன்றைக்குச் சாயங்காலம் முதலில் பெஞ்சில் ஏறினவன் கர்ஜனை. அவனுடைய நிஜப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும். எதிர்க்கட்சித் தலைவரின் பிறப்பையும் வளர்ப்பையும் நாக்கூசாமல் பேசுவான், அவ்வளவுதான் அவன் அரசியல். ஹால் அதிர்ந்தது. முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நடுங்கியது. வெளியே நிறுத்தினால் அவனுக்கு அவன் வீட்டு ஓட்டே சந்தேகம். ஆனால் உள்ளே அவன்தான் செல்லப்பிள்ளை.

அடுத்து அண்ணி ஏறினாள். வேலைக்குப் போகும் அதே வெள்ளைப் புடவை. லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தாள். படிக்கட்டில் பிள்ளை பெற்றவளைப் பற்றிச் சொன்னாள். ஹாலில் நாலைந்து பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். அதில் ஒருவன் அண்ணன். முள் தூங்கி எழுந்தது போல லேசாக அசைந்து மறுபடி படுத்துக்கொண்டது. சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் என்று அவள் சொல்லச் சொல்ல, குடைக்காரர் கொட்டாவி விட்டார். வந்திருந்தவர்கள் அதற்காக வந்தவர்கள் அல்ல. அவர்களுக்கு மற்றவனைவிடத் தாங்கள் உசத்தி என்று யாராவது சொல்ல வேண்டும்.

பெஞ்சில் நின்ற அண்ணிக்கு என் பெட்டியின் முள் நேராகத் தெரியும். அவள் பார்வை அதிலேயே நின்றதை நான் கவனித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "அக்கா, ஒரு கேள்வி. எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டி வலியோட வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வலிக்கு ஏதுய்யா கட்சி? பாத்துத்தான் ஆகணும்" என்றாள் அண்ணி.

முள் அடியில் கிடந்தது. கர்ஜனை பக்கத்தில் இருந்தவனை இடித்துச் சிரித்தான். அண்ணன் முகம் செத்துப்போனது. அண்ணி மறுபடி முள்ளைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வார்டில் பேசும் குரலில், "பாப்பேன். ஆனா, மொதல்ல எங்க கட்சிக்கு ஓட்டுப் போடறேன்னு சொல்லுடி, அப்புறம் முக்கலாம்னு சொல்லிடுவேன்" என்றாள்.

ஹால் வெடித்தது. முள் எகிறியது.

"சொல்லலைன்னா?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"சொல்ற வரைக்கும் கெடக்கட்டும். வலி அவளுக்குத்தானே, எனக்கா?"

பெஞ்சைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள், ஒருவன் நாற்காலி மேல் ஏறினான். செயலாளர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டு கீழே வர மறுத்தது. எனக்கு அண்ணியைத் தெரியும். எந்தப் பெண்ணையும் அப்படிக் கிடக்கவிடுகிறவள் அல்ல அவள். ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததையும் பார்த்தேன். அவ்வளவு பேர் சேர்ந்து தனக்குக் கை தட்டி அவள் அதுவரை கேட்டதில்லை. பிரசவ வார்டில் யார் கை தட்டுவார்கள்?

"வெளி ஹாரனைப் போடுய்யா" என்றார் செயலாளர்.

"அண்ணே, இது உள் கூட்டம். வெளிய வேற ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே! இந்த மாதிரி ஒரு பேச்சை ஊர் கேக்க வேணாமா? கேட்டா வீட்டுக்கு வீடு சிரிப்பாங்க. போடுங்கிறேன்."

"பின்னாடி ஆஸ்பத்திரிண்ணே."

"அங்க இருக்கறவங்களுக்கும் ஓட்டு இருக்குல்ல? நீ மைக்காரன், மைக்காரனா இரு."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இரண்டு ஹாரனையும் போட்டேன், சத்தத்தையும் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா!" என்று கூட்டம் கேட்டது. அண்ணி இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை வலியில் முனகும் பெண்ணைப் போல நடித்தும் காட்டினாள். "அம்மா, அய்யோ, போடறேன்க்கா, உங்களுக்கே போடறேன்!" நிஜ முனகலை அவளைவிட அதிகம் கேட்டவர் யார்? அச்சு அசலாக இருந்தது. அவளுடைய குரலும் கூட்டத்தின் சிரிப்பும் பின்பக்கச் சுவரைத் தாண்டிப் போயின.

முள் முடிவைச் சொன்னது. அண்ணி வேட்பாளர் ஆனாள்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தங்கச்சியைப் பார்க்க ஏறினாள். நானும் போனேன். ஜன்னல் திறந்திருந்தது, கம்பத்து ஹாரன் சற்றுக் கீழே அந்த ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. வார்டில் எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். அண்ணி வழக்கம் போல ஒவ்வொருத்தியையும் கிண்டல் பண்ணிக்கொண்டே போனாள். ஒருத்தி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி வீங்கியிருக்கு?"

"தூக்கம் வருதுக்கா" என்றாள் அவள், திரும்பாமல்.

படி இறங்கும்போது அண்ணியிடம் சொன்னேன். "நேத்து ஹாரன் இந்தப் பக்கம்தான் அண்ணி இருந்தது. எல்லாரும் கேட்டிருக்காங்க."

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பாளுக. என் வாய் இவங்களுக்குத் தெரியாதா?"

"யாரும் சிரிச்ச மாதிரி தெரியலையே."

"அழுத்தம் ஏறினா அப்படித்தான் இருப்பாங்க. நீ சும்மா இரு தம்பி. நேத்து அந்த ஹால்ல எவ்வளவு கைதட்டல் பாத்தேல்ல?"

பார்த்தேன். அதுதான் வினை.

பிரசாரம் தொடங்கியது. என் வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு நான் முன்னே போக, அண்ணியும் செயலாளரும் அண்ணனும் ஒரு படையும் பின்னால் வரும். அந்தப் படை ஓட்டுக் கேட்கும் அழகே அழகு. கொடி கட்டின வீடாகப் பார்த்து நுழைவார்கள், உள்ளே இருப்பவன் கட்டிப்பிடிப்பான், இவர்கள் வெளியே வந்து "தெருவே நம்ம பக்கம்" என்பார்கள். கொடி இல்லாத வீடுகளை வேகமாகத் தாண்டிப் போவார்கள். அண்ணிக்குத்தான் அது பிடிக்கவில்லை. "நான் பிரசவம் பாத்த வீடு, நான் போவேன்" என்று படை தாண்டிப்போன கதவுகளைத் தட்டினாள்.

ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாகவே "சரிங்க, பாக்கறோம்" என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவைத் திறந்தவள், தன் மூன்று பிள்ளைகளையும் அண்ணி கையில் பெற்றவள். அண்ணியைக் கண்டதும் நிலைப்படியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கே ஓட்டுப் போடறேன்க்கா. சொல்லிட்டேன். இப்ப முக்கட்டுமா?"

உள்ளே யாரோ குபீரென்று சிரித்தார்கள். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் விரிந்தது. அதற்குப் பிறகு தெருவில் பிள்ளைகள்கூட வண்டிக்குப் பின்னால் முனகிக்கொண்டே ஓடி வந்தார்கள். "அம்மா, அய்யோ, போடறேன்க்கா!" என் ஸ்பீக்கரில் கட்சிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மீறி அது கேட்டது.

"எதிர்க்கட்சிக்காரன் பிள்ளைங்களைத் தூண்டி விடறான்" என்றார் செயலாளர்.

அண்ணன் தலையை ஆட்டினான். அவன் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கடையில் உட்கார்ந்து கணிப்புக் கேட்பான். கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே ஜெயிப்பது உறுதி என்றார்கள். கர்ஜனைகூட வந்து, "அந்த ஒரு பேச்சுக்கே சட்டசபைக்கு அனுப்பலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நம் ஜெராக்ஸ் அம்மாளும் தேர்தலில் நின்றாள். கட்சி இல்லை, கொடி இல்லை, என் மைக் கூட வாங்கவில்லை. தன் கடை மெஷினிலேயே ஒரு பக்கத் துண்டுத்தாள் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தாள். அதில் ஒரே ஒரு வாக்குறுதிதான்: ஆஸ்பத்திரி லிஃப்ட். வருஷக்கணக்காக அண்ணியின் மனுவை நகல் எடுத்தவளுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. படிக்கட்டில் பிள்ளை பெற்றவளின் கதையும் அதில் இருந்தது, அண்ணி எழுதிய அதே வார்த்தைகளில். செயலாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இதுக்கு ஒரு கைதட்டல்கூட விழாது" என்று கசக்கிப் போட்டார். அது உண்மை. அந்த ஹாலில் அதற்கு விழவில்லை என்பதற்கு நானே சாட்சி.

ஓட்டு எண்ணும் நாள் காலையில் கண்டக்டர் எனக்குப் போன் பண்ணினான். விடியும்போதே வலி எடுத்துவிட்டதாகவும், உள்ளே கொண்டுபோய்விட்டதாகவும் சொன்னான்.

"அண்ணிகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்" என்றான். "அவதான் வேணாம்னா. அவங்களுக்கு இன்னிக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்கன்னா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எண்ணும் இடத்து வாசலில் அண்ணியிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. கிளம்பத்தான் திரும்பினாள். செயலாளர் கையை விரித்து மறித்தார்.

"இப்பப் போனா தோத்துட்டு ஓடறாங்கன்னு பேசுவாங்க. முதல் சுத்து முடியட்டும்மா. அங்க வேற நர்ஸே இல்லையா?"

அண்ணன், "ஆமா, ஜெயிச்சிட்டே போய்ப் பிள்ளையைப் பாக்கலாம்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். "போங்க அண்ணி" என்றேன். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போது வெளியே நின்ற கட்சிக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள், பேர் சொல்லிக் கோஷம் போட்டார்கள். அவள் நின்றுவிட்டாள். தங்கச்சி அவளுக்குப் பிள்ளை மாதிரி. அப்படியிருந்தும் நின்றாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

முதல் சுற்று முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. அண்ணிக்கு விழுந்தது ஹாலில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், அவ்வளவுதான். அதிலும் சில வீட்டுப் பெண்கள் மாற்றிப் போட்டிருந்தது எண்ணிக்கையிலேயே தெரிந்தது. எதிர்க்கட்சிக்காரனும் மண்ணைக் கவ்வினான். அவனுக்கும் அவனுடைய ஹால் ஒன்று இருந்திருக்கும். ஜெராக்ஸ் அம்மாள் அமோகமாக ஜெயித்தாள். செய்தி வந்தபோது அவள் கடையில் யாருக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"மக்களுக்கு இன்னும் விவரம் பத்தலை" என்றார் செயலாளர். கோஷம் போட்ட கூட்டம் காற்றாய்க் கலைந்திருந்தது. கர்ஜனை போகிற போக்கில், "நான் நின்னிருக்கணும்" என்று அண்ணியின் காதில் விழும்படி சொன்னான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹால்ல அவ்வளவு சத்தம் வந்துச்சே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

அண்ணியை நான்தான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வண்டி மேல் ஸ்பீக்கர் இன்னும் கட்டியபடியே இருந்தது. அவள் படி ஏறினாள். பல வருஷம் தினமும் ஏறி இறங்கியவள், அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள்.

பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை. கஷ்டமான பிரசவம், இரண்டு பேரும் பிழைத்ததே பெரிசு என்று வாசலில் நின்ற சின்ன நர்ஸ் சொன்னாள். அண்ணியிடம் வேலை கற்றவள் அவள். அதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ட்ரேயைப் பார்த்துச் சொன்னாள்.

தங்கச்சி ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி, குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் கடித்துக் கடித்துப் புண். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை தூங்கியது. கண்டக்டர் சுவரோரமாக நின்றான். மற்றக் கட்டில்களில் இருந்த பெண்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏண்டி என்னைக் கூப்பிடலை?" என்றாள் அண்ணி. குரல் உடைந்தது.

"உங்களுக்கு வேலை இருந்துச்சு."

பிறந்ததிலிருந்து அக்காவை நீ என்று கூப்பிட்டவள். அண்ணிக்கு அது எங்கே விழுந்தது என்பதை நான் பார்த்தேன்.

"அது சும்மா சொன்னதுடி. அந்த ஆளுங்களுக்காகச் சொன்னது. கைதட்டுவாங்கன்னு சொன்னேன். நான் யாரையாவது அப்படி விட்டிருக்கேனா? உனக்குத் தெரியாதா என்னை?"

"தெரியும்க்கா. சும்மாத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்." தங்கச்சி மெதுவாகப் பேசினாள், மூச்சு வாங்கி வாங்கி. "அன்னிக்கு அந்தக் கடைசிக் கட்டில்ல ஒருத்திக்கு நிஜமாவே வலி. அவ முனகிக்கிட்டு இருந்தா. ஜன்னல் வழியா நீங்களும் முனகினீங்க. எல்லாரும் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அவ வாயைப் பொத்திக்கிட்டா. அதுக்கப்புறம் சத்தமே போடலை. நானும் இன்னிக்குப் போடலைக்கா."

அண்ணி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் போய், குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினாள். ஊரில் பாதியை வாங்கின கை.

"கொடுடி. ஒரு தடவை. தோத்துட்டேன்டி, எல்லாம் போச்சு. இவளை மட்டும் ஒரு தடவை கொடு."

தங்கச்சி குழந்தையை எடுக்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தபடி, ஊசி குத்திய கையைத் தூக்கி மற்றக் கையில் தட்டினாள். பலம் இல்லாத கை, சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி தட்டினாள், மறுபடியும் தட்டினாள். குழாயில் ரத்தம் பின்னோக்கி ஏறியது. "ஏய், போதும்" என்றான் கண்டக்டர். அவள் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தட்டினாள். எதிர்க் கட்டிலில் இருந்தவள் தட்டினாள். கடைசிக் கட்டில் வரைக்கும் எல்லாரும் தட்டினார்கள், யார் முகத்திலும் சிரிப்பு இல்லாமல்.

சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது. தங்கச்சி அதை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணியின் கை இரண்டும் நீட்டினபடியே இருந்தன.